காதம்மாவின் சபை

மற்ற மதங்களின் கடவுள்கள் மலையிலும் மரத்தடியிலும் கனவிலும் பேசியதாகச் சொல்வார்கள். கருவேலந்துறையில் பிறந்த மதத்தின் கடவுள் வாக்கிடாக்கியில் பேசியது. அதுவும் நட்ட நடுப்பகலில், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில். சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள், தப்பில்லை. முதலில் ஊரே சிரிக்கத்தான் செய்தது. எட்டு மாதத்துக்குள் காரைக்காலிலிருந்தும் கடலூரிலிருந்தும் வேன் பிடித்து ஆட்கள் வர ஆரம்பித்த பிறகு சிரிப்பு தானாக அடங்கிவிட்டது.

வேதாரண்யத்துக்குத் தெற்கே, உப்பளங்களைத் தாண்டி இருக்கிற சின்ன மீனவ ஊர் அது. பழைய மீன் ஏலக் கொட்டகைதான் சபை. உச்சி வேளைக்குப் பெண்கள் வரிசையாக உட்காருவார்கள். ஆளுக்கொரு வாக்கிடாக்கி, ஈர மஞ்சள் துணியில் சுற்றி வலது காதோடு ஒட்டியிருக்கும். நாக்குக்கு அடியில் ஒரு கல் உப்பு. அது கரைந்து முடிகிற வரை வாய் திறக்கக் கூடாது. கேட்டதை யாரிடமும் சொல்லக் கூடாது. கையில் வலை நூல் கட்டியிருப்பார்கள். புதிதாக வந்தவளுக்கு ஒரு முடிச்சு, குரல் கேட்டவளுக்கு இரண்டு. மூன்றாவது முடிச்சு எதற்கென்று வெளியாட்களுக்குச் சொல்வதில்லை. கடலில் போனவர்களை அங்கே யாரும் செத்தவர்கள் என்று சொல்லமாட்டார்கள். எட்டத்தார் என்பார்கள். அதனால் சபைப் பெண்கள் எல்லோரும் பூ வைத்துக்கொண்டார்கள், குங்குமம் வைத்துக்கொண்டார்கள். கருமாதி செய்ய வந்த பங்காளிகள் வாசலோடு திரும்பிப் போனார்கள்.

மணிமொழி பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஆடி அமாவாசைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. தங்கை பூவிழியைக் கையோடு கூட்டிப் போய்விட வேண்டும் என்றுதான் வந்தாள். கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்த தங்கையின் மணிக்கட்டைப் பார்த்ததும் அவள் நின்றுவிட்டாள். மூன்று முடிச்சு.

"என்னக்கா இப்படி எளச்சுட்டே?" என்றாள் பூவிழி.

"இது எப்போ போட்ட?"

"போன வெள்ளிக்கெழம." பூவிழி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "அமாவாசைக்கு எறங்குறோம்க்கா. பத்தொம்பது பேரு. ரெண்டு போட்டுல."

"எறங்குறதுன்னா?"

"அவுங்க இருக்குற எடத்துக்குப் போறது. இஞ்சினைக் கழட்டிட்டு கடல் ஓட்டத்தோட வுட்டுடுவோம். அதுவே கொண்டுபோயி சேக்கும்."

ஆடி அமாவாசைக்கு அந்தப் பக்கத்து ஜனமெல்லாம் கோடியக்கரைக்குப் போய்க் கடலில் முழுக்குப் போட்டு, செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கும். எங்கள் ஆள் சாகவே இல்லை என்கிறவள் யாருக்கு எள் இறைப்பாள்? அதனால் அன்றைக்கு அவர்கள் நேராகவே போய்ப் பார்த்துவிடுவதென்று முடிவாகியிருந்தது. போனால் என்ன ஆகும் என்பது கொட்டகையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"பைத்தியமா புடிச்சிருக்கு ஒனக்கு?"

"அவரு கூப்புடுறாருக்கா. தெனம் கூப்புடுறாரு. 'வாங்க, கிட்டத்துலதான் இருக்கேன், இன்னும் கொஞ்ச தூரந்தான்'னு. எத்தன நாளைக்கு நான் கரையில உக்காந்து கேட்டுக்கிட்டே இருப்பேன், நீயே சொல்லு."

சொன்ன பிறகுதான் கேட்டதைச் சொல்லிவிட்டோம் என்று உறைத்து, பூவிழி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த வாக்கியத்தை எழுதியவளே மணிமொழிதான். ஒரு கையில் டீயோடு, ஆபீஸ் மேசையில் உட்கார்ந்து, நல்லதைச் செய்கிற சந்தோஷத்தில் எழுதினாள்.

உயிர்ச்சட்டை என்று அதற்குப் பெயர். பார்க்கச் சாதாரண மிதவைச் சட்டைதான். முதுகில் சூரியத் தகடு, தோளில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெட்டி. கடலில் விழுந்து மிதக்கிறவனைத் தண்ணீரை விடச் சீக்கிரம் முடித்துவிடுவது தூக்கமும் தனிமையும். அதனால் அந்தப் பெட்டி அவனோடு ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். அவன் மனைவியின் குரலில் பேசும். தூங்காதீங்க, கண்ணைத் தொறங்க, ஒங்க புள்ள இப்ப என்ன பண்ணுது தெரியுமா என்று. மணிமொழி வேலை பார்த்த நிறுவனம் அதைச் செய்தது. ஊர் ஊராகப் போய்ப் பெண்களின் குரலைப் பதிந்து வந்தவள் மணிமொழி.

பெட்டி இன்னொரு வேலையும் செய்யும். பேசப் பேச அந்த மனிதனின் குரலையும் கற்றுக்கொள்ளும். அவன் மயங்கிவிட்டால் அவனுக்குப் பதிலாக, அவன் குரலிலேயே, கரையைக் கூப்பிடும். அவனே பேசினாலும் சரி, பெட்டி பேசினாலும் சரி, கடலில் போட்டிருந்த மிதவைகள் அந்தக் குரலை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கரைக்குக் கடத்தும். கேட்கலாம், திருப்பிப் பேச முடியாது. வெறும் பீப் சத்தமே போதும் என்றுதான் பொறியாளர்கள் சொன்னார்கள். மணிமொழிதான் மல்லுக்கு நின்றாள்.

"பீப் சத்தத்துக்கு எவன் சார் அந்த அலையில போட்டை எடுப்பான்? ஒரு மனுஷன் வாங்கன்னு கூப்பிட்டா போகாம இருக்க முடியுமா?"

வாதத்தில் ஜெயித்தாள். ஜெயித்ததற்குக் கைதட்டல்கூடக் கிடைத்தது.

போன கார்த்திகைப் புயலுக்கு முன்னால் கருவேலந்துறையிலிருந்து கடலுக்குப் போனவர்கள் பதினான்கு பேர். மூன்று பேர் திரும்பினார்கள். அவர்களுக்கு ஆயுசு கெட்டி என்று ஊர் சொன்னது. பூவிழியின் புருஷன் சிவநேசன் திரும்பவில்லை. கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

புயல் அடித்த நான்காம் நாள், சிவநேசனின் அம்மா தனபாக்கியம், நிறுவனத்தின் மீட்பு நிலையத்துக்கு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். மடியில் வாக்கிடாக்கியைக் கோழிக்குஞ்சைப் போலப் பொத்தி வைத்திருந்தாள்.

"மணி, எம் புள்ள பேசுறான்டி. இப்பத்தான், உச்சிப் பொழுதுல. 'அம்மா, வெயில் அடிக்குதும்மா'ன்னான்."

நிலையத்துப் பொறுப்பதிகாரி மணிமொழியைத் திரும்பிப் பார்த்தார். "மனுஷனா, மெஷினா? நீங்கதான் சொல்லணும்."

சுவரில் பதினான்கு பெயர் எழுதிய திரை இருந்தது. பதில் வருகிற சட்டையைத் தேடித்தான் முதலில் படகு போகும், அது விதி. சிவநேசன் பெயருக்கு எதிரே இரண்டாம் நாளிலிருந்தே 'பதில் இல்லை' என்று இருந்தது. மணிமொழி தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து தனபாக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, அது தம்பி இல்ல அத்தை. தம்பி மாதிரி பெட்டி பேசுது. அவர் ரெண்டாம் நாளே மயங்கிட்டாரு. இன்னிக்கு நாலு நாளாச்சு."

"எம் புள்ள கொரலு எனக்குத் தெரியாதா?"

"கொரலு அவரோடதுதான். பேசுறது பெட்டி."

"இல்லடி மணி. அவன் உசுரோட இருக்கான். ஒரே ஒரு போட்டு அனுப்பச் சொல்லுடி. ஒன்னு போதும்."

மணிமொழி மறுபடி முதலிலிருந்து, இன்னும் எளிமையாக, இன்னும் அன்பாக விளக்கினாள். விளக்குவதில் அவள் கெட்டிக்காரி. கடைசியில் அதிகாரியிடம் எழுந்து போய், மெஷின்தான் சார் என்றாள். மறுநாள், தேடிக்கொண்டிருந்த படகுகளையும் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள்.

தனபாக்கியம் வீட்டுக்குப் போகவில்லை. கடற்கரையில் போய் உட்கார்ந்தாள். தினமும் உச்சிப் பொழுதுக்கு, தகட்டில் வெயில் ஏறிக் குரல் தெளிவாக வருகிற நேரத்துக்கு, காதில் வாக்கிடாக்கியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எம் புள்ள இருக்கான் என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னாள். இரண்டு வாரம் கழித்து இன்னொருத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் நான்கு பேர். காதம்மா என்ற பெயர் எப்போது ஒட்டியது என்று யாருக்கும் தெரியாது. உப்பும் முடிச்சும் மஞ்சள் துணியும் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், எட்டத்தார் சொன்னார்கள் என்பார்கள். கடலையே பார்த்திராத பெண்கள்கூட வந்தார்கள். லாரியில் அடிபட்டுச் செத்த மகனின் குரல் கேட்டதாகச் சிதம்பரத்து அம்மாள் ஒருத்தி அழுதுகொண்டு போனாள்.

அன்று உச்சிவேளையில் குரல் கேட்பது முடிந்து கூட்டம் கலைந்த பிறகு மணிமொழி காதம்மாவிடம் போனாள். அறுபது வயதுக்கு அவள் மிகவும் உலர்ந்து போயிருந்தாள்.

"வா மணி. சாப்ட்டியா?"

"நான் நேராவே கேக்குறேன் அத்தை. பூவிழிய வுட்டுடுங்க."

"நான் யாரப் புடிச்சு வச்சிருக்கேன்? இந்தக் கொட்டாய்க்குக் கதவுகூடக் கெடையாது, பாரு."

"அது மெஷினு அத்தை. நான் செஞ்சது. வாங்கன்னு கூப்புடுறது நான் எழுதிக் குடுத்த வார்த்தை."

"சாமி செலையை யாரு செய்யிறா? ஒரு ஆள்தானே செய்யிறாரு? அவரு செஞ்சாருங்கறதுக்காக அதுல சாமி வராமப் போயிடுதா?"

"நான் போயி எல்லாச் சட்டையையும் நிறுத்தப் போறேன்."

காதம்மா உப்புச் சட்டியை மூடி ஓரமாக வைத்தாள். "நிறுத்து. அன்னிக்கும் நீதானே நிறுத்துன." குரலில் கோபம் எதுவும் இல்லை. அதுதான் மணிமொழிக்குத் தாங்கவில்லை.

சட்டைகளை நிறுத்துவது பெரிய வேலை இல்லை. காணாமல் போன பதினொரு பேரும் இறந்துவிட்டார்கள் என்று மணிமொழி ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், ஒரே கட்டளையில் அத்தனை பெட்டியும் அடங்கிவிடும். எட்டு மாதமாகத் தள்ளிப் போட்டு வந்தாள். அந்தக் குரலை வைத்துத்தான் தங்கை சோறு தின்கிறாள் என்று தெரிந்திருந்தது. அந்தச் சோறே விஷமாகிவிட்டது, இனிமேல் யோசிப்பதில் அர்த்தமில்லை என்று மறுநாள் காலையில் நிலையத்துக்குப் போய்ப் பேனாவை எடுத்தாள்.

"ஒரு நிமிஷம் மேடம்," என்றார் ஆரோக்கியநாதன். நிலையத்தின் பதிவறையைப் பார்த்துக்கொள்கிறவர். "ஒரு சட்டை கெடச்சிருக்கு. ரெண்டு வாரம் முன்னாடி கோடியக்கரை பக்கம் வலையில மாட்டிச்சு. அதுல பதிவாகியிருக்கறதக் கேக்காம கையெழுத்துப் போடக் கூடாதுன்னு விதி."

"எந்த நம்பர்?"

"ஏழு. உங்க... உங்க தங்கச்சி வூட்டுக்காரரோடது."

"எங்க இருக்கு?"

"அலமாரியில. பேட்டரியைக் கழட்டித்தான் வச்சிருக்கேன்."

மணிமொழி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "ரெண்டு வாரமாவா?"

"ஆமா மேடம்."

இரண்டு வாரமாக சிவநேசனின் சட்டை பேட்டரி இல்லாமல் அலமாரிக்குள் கிடந்திருக்கிறது. தினமும் கூப்பிடுகிறார் என்று தங்கை நேற்றுத்தான் சொன்னாள். பெட்டியை நிறுத்தினாலும் பூவிழிக்குக் கேட்கும். இனி எந்தக் கையெழுத்தாலும் அதை நிறுத்த முடியாது. மணிமொழி பேனாவை மூடி வைத்துவிட்டு, போடுங்க கேப்போம் என்றாள்.

முதலில் காற்றும் அலையும் மட்டும் கேட்டன. அப்புறம் பூவிழியின் குரல், பெட்டிக்குள் இருந்த பூவிழி.

"ஏங்க, தூங்காதீங்க. கண்ணைத் தொறங்க."

"தூங்கல பூவு. கவுந்த போட்டு மேல ஏறி உக்காந்துட்டேன். கையிதான் மரத்துப் போச்சு."

"உங்க பேரு என்னன்னு சொல்லுங்க."

"சிவநேசன்."

"உங்க பேரு என்னன்னு சொல்லுங்க."

"சிவநேசன்டி. கருவேலந்துறை சிவநேசன்."

மணிமொழி திரையில் ஓடிய தேதியைப் பார்த்தாள். மூன்றாம் நாள். தவறாக இருக்கும் என்று முன்னால் ஓட்டினாள். நான்காம் நாள், உச்சிப் பொழுது. "அம்மா, வெயில் அடிக்குதும்மா." ஐந்தாம் நாள், படகுகளைத் திரும்பக் கூப்பிட்ட நாள், மழை பெய்தது, பிளாஸ்டிக் தாளில் தண்ணீர் பிடித்துக் குடித்ததைப் பூவிழியிடம் சந்தோஷமாகச் சொன்னான். ஆறாம் நாள் தொண்டை கட்டியிருந்தது. பெட்டி மணிக்கு ஒரு தடவை பேரைக் கேட்டது. பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி அவன் மணிக்கு ஒரு தடவை பேரைச் சொன்னான்.

"இவ்ளோ தெளிவா பதில் சொல்றாரே மேடம். அப்புறம் ஏன் நம்ம திரையில பதில் இல்லைன்னு காட்டுச்சு?"

மணிமொழி பதிவை நிறுத்தினாள். "பெட்டி குரலைக் கத்துக்கும், ஆனா எது அலைச் சத்தம், எது இப்ப ஆள் பேசுறதுன்னு அதுக்கு உறுதியாத் தெரியாது. அதுவே பேசுறதும் அதுக்குத் திரும்பக் கேக்கும். ஆள் முழிச்சிருக்காருன்னு கண்டுபிடிக்க ஒரே ஒரு வார்த்தையத்தான் தேடும். அவர் பேரு. குரல் பதியும்போது வீட்டுல உள்ளவங்க அந்தப் பேரைச் சொல்லிக்குடுக்கணும். அந்த வார்த்தை காதுல விழுந்தா உயிரோட இருக்காருன்னு கரைக்குச் சொல்லும்."

"விழலைன்னா?"

"ரெண்டு நாள் பாத்துட்டு, மயங்கிட்டாருன்னு முடிவு பண்ணி அதுவே அவர் குரல்ல பேச ஆரம்பிச்சிடும்."

ஏழாம் எண்ணின் குரல் பட்டியலைத் திறந்தாள். பேருக்கு உரிய இடம் காலியாக இருந்தது.

அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பூவிழி வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து பதிந்தார்கள். பக்கத்தில் தனபாக்கியம் மீன் அலசிக்கொண்டிருந்தாள். எல்லா வாக்கியத்தையும் கலகலவென்று சொன்ன பூவிழி, பேர் வந்ததும் நின்றுவிட்டாள். தனியாக இருக்கும்போது புருஷனை டேய் என்று கூப்பிடுகிறவள்தான். "அத்தை இருக்காங்கக்கா. எப்படிக்கா பேரச் சொல்றது?" என்று கிசுகிசுத்து முகம் சிவந்தாள். அந்த ஊரில் மாமியார் எதிரில் எந்த மருமகளும் புருஷன் பேரைச் சொல்லமாட்டாள். மணிமொழிக்கு அது தெரியும், அவளும் அந்தக் கரையில் பிறந்தவள்தான். சிரித்துக்கொண்டு, சரி வுடு, அப்புறம் பாத்துக்கலாம் என்று அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த வீட்டிலும் ஒரு மாமியார் இருந்தாள்.

பதினான்கு பட்டியலையும் திறந்தாள். பதினொன்றில் அந்த இடம் காலி. மூன்றில்தான் பேர் இருந்தது. ஒருவன் கல்யாணமாகாதவன், அம்மாவின் குரல், அம்மா மகனைப் பேர் சொல்லித்தானே கூப்பிடுவாள். ஒருத்தி புருஷனோடு ஒரே வகுப்பில் படித்த திருச்சிப் பெண், யார் இருந்தாலும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். ஒருத்திக்கு மாமியார் இல்லை. திரும்பி வந்த மூன்று பேரும் அவர்கள்தான்.

ஆரோக்கியநாதன் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவள் தொடவில்லை. பதிவை முதலிலிருந்து ஓட்டி ஓட்டி, அதிலிருந்த ஒன்பதாம் நாள் சாயங்காலம் வரை கேட்டாள். பேரைச் சொன்னதை மட்டும் எண்ணினாள். இருநூற்று நான்கு தடவை. கடைசித் தடவை பாதியில் நின்றது. அதற்குப் பிறகும் பெட்டி மணிக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

ஆடி அமாவாசை அன்று காலையில் கோடியக்கரைக்குப் போகிற பஸ்களில் நிற்க இடமில்லை. எள்ளும் வாழைக்காயும் தர்ப்பையுமாக ஜனம் போய்க்கொண்டிருந்தது. மணிமொழி பாதி வழியில் இறங்கி, உப்பளத்து வரப்பில் நடந்து கருவேலந்துறைக்குப் போனாள். கரையில் இரண்டு ஃபைபர் படகுகள் இஞ்சின் கழற்றித் தயாராக நின்றன. பத்தொன்பது பெண்கள் புதுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கல்யாண வீட்டுக்குப் போகிறவர்களைப் போல நின்றார்கள். அந்தக் கூட்டத்தில் பூவிழியைப் பார்த்தபோது மணிமொழிக்கு ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது.

காதம்மா கொட்டகையில் தனியாக இருந்தாள். மணிமொழி அவள் எதிரில் உட்கார்ந்தாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"அத்தை, அன்னிக்கு நீங்க சொன்னது நெசம். அன்னிக்குப் பேசுனது தம்பிதான்."

"ஒம்பது நாளு, இல்ல?" என்றாள் காதம்மா.

"ஒங்களுக்கு எப்படி..."

"பத்தாம் நாளு பேசுனது எம் புள்ள இல்ல. கொரலு அச்சு அதேதான். ஆனா அவன் அம்மான்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு மூச்சு வுடுவான், சின்னப் புள்ளையிலேருந்து. அந்த மூச்சு இல்ல. அப்பவே தெரிஞ்சு போச்சு, முடிஞ்சுதுன்னு."

"தெரிஞ்சுமா அத்தை இவ்வளவும்?"

"நான் சொன்னத ஒருத்தராச்சும் நம்பணும்டி. அம்புட்டுதான். ஆபீசுல நம்பல, ஊருல நம்பல, பெத்தவளுக்குப் புத்தி பெரண்டு போச்சுன்னாங்க. பத்தாம் நாளுக்கு அப்புறமும் இருக்கான் இருக்கான்னுதான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன், நிறுத்துனா அந்த ஒம்பது நாளும் பொய்யின்னு ஆயிடுமே. அப்பத்தான் ஒருத்தி வந்து பக்கத்துல உக்காந்து, நான் நம்புறேன் பெரியம்மான்னா. அதுக்கப்புறம் நான் எப்புடி எந்திரிக்கிறது? உப்பு வச்சேன், முடிச்சு போட்டேன். அவளுவளும் நிம்மதியா இருந்தாளுவ."

"அப்போ இந்தப் போட்டு?"

"அன்னிக்குப் போவாத போட்டு அது." காதம்மா கடலைப் பார்த்தாள். "நான் ஒருத்தி போவணும்னுதான் இருந்தேன். வாய் தவறி வெளியில வந்துடுச்சு. ஒவ்வொருத்தியா மூணாவது முடிச்சு கேட்டு வந்து நிக்கிறாளுவ. வேணாம்னு சொன்னா, ஏன்னு கேப்பாளுவ. ஏன்னு நான் என்னத்தச் சொல்லுவேன்?"

மணிமொழி மிச்சத்தையும் சொன்னாள். காலியாக இருந்த இடத்தை, இருநூற்று நான்கு தடவையை, திரும்பி வந்த மூன்று பேரை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. முடித்தபோது கும்பிட்ட கை அப்படியே நின்றது, கீழே இறக்கத் தெரியவில்லை.

காதம்மா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அன்னிக்கு நான் பக்கத்துல மீனு அலசிக்கிட்டு இருந்தேன்ல?"

"ஆமா அத்தை."

"எந்திரிச்சுப் போயிருக்கலாம். வெளியில ஒரு வேலையா இல்லாமப் போச்சு?"

மணிமொழி அழுதாள். காதம்மா அழவில்லை. முந்தானையை எடுத்து மணிமொழியின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"அவகிட்ட இதச் சொல்லிடாத. ஒரு பேரச் சொல்லாம வுட்டதுக்கு ஆயுசு பூரா அழுவா. நம்ம ரெண்டு பேரோட போவட்டும்."

மணிமொழி தலையாட்டினாள். பிறகு ஆரோக்கியநாதனைப் போனில் கூப்பிட்டு, பதிவைக் கேட்டு முடித்ததும் கையெழுத்துப் போட்ட காகிதம் மேசையில் இருக்கிறது, எல்லாச் சட்டையையும் நிறுத்திவிடுங்கள் என்றாள். பதினொன்றரைக்கு எல்லாம் அடங்கிவிட்டதாகத் தகவல் வந்தது. கடலில் இனி எந்தக் குரலும் இல்லை.

உச்சிப் பொழுதானது. பெண்கள் படகைச் சுற்றி மணலில் உட்கார்ந்து, நாக்கடியில் உப்பை வைத்துக்கொண்டு, வாக்கிடாக்கியைக் காதில் வைத்தார்கள். மணிமொழி தள்ளி நின்று அவர்கள் முகத்தையே பார்த்தாள். ஒருத்தி முகத்திலும் ஏமாற்றம் இல்லை. சிலர் மெல்லச் சிரித்தார்கள். பூவிழி கண்ணை மூடித் தலையை அசைத்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் யாரோ பேசுவதற்கு ம் கொட்டுகிறவளைப் போல.

உப்பு கரைந்ததும் காதம்மா எழுந்தாள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இத்தன நாளு கேட்டதச் சொல்லக் கூடாதுன்னு இருந்தோம். இன்னிக்குச் சொல்லச் சொல்லி உத்தரவு. எட்டத்தாரு சொல்லிட்டாங்க, யாரும் வர வேணாமாம். கரையிலயே இருங்க, பொழப்பப் பாருங்க, புள்ளைகளப் பாருங்க, நாங்க எங்கயும் போவல. இதான் சொன்னாங்க."

முன்வரிசையில் இருந்த ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"எனக்கும் இதேதான் கேட்டுச்சு காதம்மா. வராதன்னாரு."

"எனக்கும்."

"எனக்கு நேத்தே கேட்டுச்சு. நாந்தான் சரியாக் கேக்கலியோன்னு வுட்டுட்டேன்."

ஒன்றுமே வராத வாக்கிடாக்கிகளை வைத்துக்கொண்டு பத்தொன்பது பேரும் அதையே சொன்னார்கள். கடைசியாகப் பூவிழியும் விசும்பிக்கொண்டே, எனக்கும் என்றாள். பெண்களே தோள் கொடுத்துப் படகுகளை மணல்மேட்டுக்கு ஏற்றினார்கள். இன்றைக்கு அந்தச் சபை எங்கெங்கோ பரவியிருக்கிறது. 'கரையிலேயே இரு' என்பதுதான் அதன் முதல் வேதம் என்கிறார்கள். அது அருளப்பட்ட நேரத்தில் கடலில் ஒரு பெட்டிகூட உயிரோடு இல்லை என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும்.

கூட்டம் கலைந்த பிறகு அக்காவும் தங்கையும் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு எட்டு தள்ளிக் காதம்மா. என்னோடு வந்துவிடு என்று மணிமொழி கேட்கவில்லை. வரமாட்டாள் என்று தெரியும். உயிரோடு இருக்கிறாளே, போதும் என்று நினைத்தாள். பூவிழி வாக்கிடாக்கியைத் துணி பிரித்து அக்காவிடம் நீட்டினாள்.

"ஒரே ஒரு தடவ நீயும் கேளுக்கா. எனக்காக."

மணிமொழி வாங்கிக் காதில் வைத்தாள். இரைச்சல் மட்டும்தான் வந்தது. ஆனாலும் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று எடுக்கிற தைரியம் அவளுக்கு இல்லை.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"என்னக்கா சொன்னாரு?"

பொய்யாக ஒன்று சொல்லியிருக்கலாம். அவள் எழுதிக் கொடுத்த வாக்கியங்களே நூறு இருந்தன. வாயில் வந்தது வேறு.

"அவரு பேரச் சொன்னாரு."

"தன் பேரையா?" பூவிழி ஆச்சரியத்தோடு பார்த்தாள். "தன் பேரத் தானே எதுக்குக்கா சொல்லணும்?"

பூவிழி வாக்கிடாக்கியைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "நான் கூப்புடணும்னு நெனக்கிறாரோ?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். ஒரு தடவை வாயருகே கொண்டுபோனாள். மாமியாரைக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டுக் கீழே இறக்கிவிட்டாள்.

காதம்மா அதைக் கவனித்தாள். முழங்காலில் கையூன்றி எழுந்து, புடவையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள்.

"எனக்கு அங்குட்டு ஒரு வேலை கெடக்கு," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உப்பளத்துப் பக்கமாக நடந்தாள்.

அவள் தலை மறையும் வரை பூவிழி காத்திருந்தாள். பிறகு வாக்கிடாக்கியை உதட்டோடு வைத்து, தெளிவாக, ஒரே ஒரு தடவை, சிவநேசன் என்று கூப்பிட்டாள்.